அகழிக்குள் ஒரு பண்ணை வீடு: இங்கிலாந்தின் இடைக்கால அகழிப் பண்ணைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் கிராமப்புறச் சாலைகளில் போகிறவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். வயலுக்கு நடுவே சதுரமாக ஒரு நீர்ப் பள்ளம், பாசி படர்ந்து கிடக்கும். அதன் நடுவில் ஒரு திட்டு. திட்டின் மேல் ஒரு பழைய வீடு இருக்கும். இல்லாவிட்டால் நாலு மரமும் முட்புதரும்தான். பெயர்ப் பலகையோ நுழைவுச் சீட்டோ கிடையாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விவசாயக் குடும்பமோ சிறு நிலக்கிழாரோ மண்வெட்டியால் வெட்டிய அகழி அது. இந்த இடங்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அகழிப் பண்ணை என்றால் என்ன? கோட்டை அகழிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அகழி என்றதும் நமக்கு முதலை கிடக்கும் கோட்டை அகழிதான் நினைவுக்கு வரும். பின்னால் மதிலும் கொத்தளமும் இருக்கும், மதில் மேல் வில்லாளிகள் நிற்பார்கள். அகழிப் பண்ணையில் இவை எதுவும் இல்லை. அகழியைத் தாண்டினால் மரச் சட்டமும் களிமண் பூச்சும் கொண்ட வீடு, சமையற்கட்டு, தானியக் களஞ்சியம், மாட்டுக் கொட்டில், பழத்தோட்டம். சுற்றி மண்கரையோ மரவேலியோ இருக்கலாம். கல்மதில் அபூர்வம்.

அகழி பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் அளவு ஆழம். வெட்டி எடுத்த மண்ணை உள்ளே கொட்டித் திட்டை உயர்த்தியிருப்பார்கள். சதுரமும் செவ்வகமும்தான் அதிகம் என்றாலும் வட்டமாகவும் உண்டு; இரண்டு மூன்று திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் உண்டு. சில இடங்களில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். பணம் தீர்ந்துபோனதா, அந்தப் பக்கம் ஏற்கெனவே சதுப்பு நிலமா என்பதை இடத்துக்கு இடம் தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை இருக்கின்றன? எங்கே?

இங்கிலாந்தில் மட்டும் சுமார் 6,000 அகழித் தலங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவை நாடெங்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. எசெக்ஸ், சஃபோக் போன்ற கிழக்கு மாவட்டங்களிலும் வார்விக்‌ஷயர் போன்ற நடுப்பகுதிகளிலும் மொய்த்துக் கிடக்கின்றன. வடக்கின் மலைப்பாங்கான பகுதிகளிலும் தென்மேற்கு மூலையிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதல் காரணம் மண். பனியுகத்துப் பனிப்பாறைகள் இழுத்துவந்து போட்டுவிட்டுப் போன கனமான களிமண் கிழக்கு இங்கிலாந்தில் பரந்து கிடக்கிறது. அதில் பள்ளம் வெட்டினால் மழைத் தண்ணீரே நிற்கும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வெட்டினால் நீர் உறிஞ்சப்பட்டுவிடும். அடியில் களிமண் பூச வேண்டும், அல்லது ஓடையிலிருந்து வாய்க்கால் இழுக்க வேண்டும். ஆனால் மண்ணை மட்டும் காரணமாகச் சொன்னால் கதை பாதியில் நின்றுவிடும். களிமண் இருந்தும் அகழி இல்லாத ஊர்கள் நிறைய உள்ளன. அங்கேதான் ‘யார் வெட்டினார்கள்’ என்ற கேள்வி வருகிறது.

யார் வெட்டினார்கள்?

மேனர் எனப்படும் நிலக்கிழார் பண்ணைகளின் தலைமை வீடுகள் பலவற்றுக்கு அகழி உண்டு. மடாலயங்களின் பண்ணைகளும் பாதிரியார் வீடுகளும் இந்தப் பட்டியலில் வருகின்றன. இவற்றைவிடச் சுவையானது மற்றொரு கூட்டம்: பட்டமோ பதவியோ இல்லாத சுதந்திர விவசாயிகள்.

13ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகி, நிலத்துக்கு அடிபிடி. வார்விக்‌ஷயரின் ஆர்டன் போன்ற காட்டுப் பகுதிகளில் மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கிப் புதிய வயல்கள் உண்டாக்கினார்கள். பழைய கிராமங்களில் வீடுகள் தெருவாக நெருங்கி இருக்கும், வயல்கள் பொதுவில் துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும், நிலக்கிழாரின் பிடியும் இறுகியிருக்கும். காடு திருத்திய பகுதியில் ஒவ்வொருவரும் தன் நிலத்தின் நடுவே தனியாக வீடு கட்டிக்கொண்டார்கள். அப்படி நாலு காசு சேர்த்தவர் வீட்டைச் சுற்றி அகழி வெட்டினார். அதனால்தான் ஆர்டன் பக்கம் அகழிகள் அடர்ந்திருக்கின்றன; தெருவாக அமைந்த பழைய கிராமப் பகுதிகளில் அவை ஊருக்கு ஒன்று கிடைத்தால் பெரிது.

எந்தக் காலம்?

உச்சம் 1250 முதல் 1350 வரை. அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. பெரும்பாலானவை இந்த நூறு ஆண்டுக்குள் வெட்டப்பட்டவை. 1315–17 பெரும் பஞ்சமும் 1348–49இல் வந்த கொள்ளைநோயும் அந்தக் காலகட்டத்தின் கடைசியில் வருகின்றன. நோய்க்குப் பிறகு கூலி உயர்ந்தது, ஆள் கிடைக்கவில்லை. கைக்கருவியால் ஆயிரக்கணக்கான வண்டி மண்ணை அள்ளும் வேலைக்கு அதுவே முற்றுப்புள்ளி வைக்கப் போதுமானது. ஆனாலும் வசதியானவர்கள் பிறகும் வெட்டினார்கள். நார்ஃபோக்கின் ஆக்ஸ்பர்க் ஹால் 1482இல் அனுமதி வாங்கிக் கட்டப்பட்ட செங்கல் மாளிகை; அதன் அகழி இன்றும் நிறைந்து நிற்கிறது.

எதிரிகளிடமிருந்து தப்பத்தானே அகழி?

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் இதுதான்.

அச்சமே இல்லாத காலம் என்று சொல்ல முடியாது. 1264 முதல் 1267 வரை மூன்றாம் ஹென்றி மன்னருக்கும் சைமன் டி மான்ட்ஃபோர்ட் தலைமையிலான பிரபுக்களுக்கும் இடையே போர் நடந்தது. சைமன் 1265இலேயே களத்தில் விழுந்தார். அதன் பிறகும் கலகம் ஓயவில்லை. வழிப்பறியும் கொள்ளையும் நீதிமன்றப் பதிவேடுகளில் நிறையவே இருக்கின்றன. ஆறு மீட்டர் அகலத் தண்ணீர் இரவில் வரும் திருடனைத் தயங்க வைக்கும். ஆட்டையும் மாட்டையும் உள்ளே வைத்துப் பாலத்தை மூடினால் நிம்மதியாகத் தூங்கலாம். காட்டு மான் பழத்தோட்டத்தில் மேயாது.

ஆனால் படைக்கு முன் இந்த அகழி நிற்காது. ஒரு மணி நேரத்தில் ஓரிடத்தைத் தூர்த்துவிட்டுக் கடந்துவிடலாம்; உள்ளே இருப்பதோ மர வீடு, ஒரு தீப்பந்தம் போதும். பல திட்டுகளுக்கு நிரந்தர மண்பாதையே இருந்திருக்கிறது. மூன்று பக்க அகழிகளை என்னவென்று சொல்வது? நான்காவது பக்கம் திறந்து கிடக்க, எந்த எதிரியை நினைத்து அதை வெட்டியிருப்பார்கள்?

அகழி எங்கே அகலமாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பல தலங்களில் சாலையிலிருந்து வருகிறவர் கண்ணில் படும் பக்கம்தான் மிக அகலம், பின்புறம் ஒடுங்கிவிடும். எதிரி முன்வாசல் வழியாக மட்டும் வருவான் என்று யாரும் நம்பியிருக்க முடியாது. அது விருந்தாளிக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் வெட்டிய அகழி. ராஜாவுக்கும் பெரும் பிரபுவுக்கும் அகழி சூழ்ந்த கோட்டை இருக்கிறது; சிறு நிலக்கிழார் தன் வீட்டுக்கும் ஒன்று வெட்டிக்கொள்கிறார்; அவரைப் பார்த்து, காடு திருத்திய விவசாயியும் வெட்டிக்கொள்கிறார். பாலத்தின் மேல் நடந்துதான் அவர் வீட்டுக்குப் போக முடியும் என்பதே ஒரு மரியாதை. என்னைக் கேட்டால், முக்கால்வாசி அகழிகளுக்கு முதல் காரணம் இந்த அந்தஸ்துதான். காவலும் வடிகாலும் மீனும் கூடவே வந்த ஆதாயங்கள். இதை ஒப்பாத ஆய்வாளர்களும் உண்டு. அயர்லாந்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் பக்கம் நியாயம் கூடுகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

வடிகாலைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்துக் களிமண் குளிர்காலம் முழுக்கச் சொதசொதவென்று இருக்கும். சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவை உயர்த்தினால் வீட்டின் தரை காயும், மரத் தூண்களின் அடி அழுகாது. மாட்டுக்குத் தண்ணீர், தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

ஓர் அகழி வெட்ட எவ்வளவு செலவாகியிருக்கும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். திட்டு 50 மீட்டருக்கு 50 மீட்டர், சுற்றிலும் 8 மீட்டர் அகல அகழி என்று வையுங்கள். அகழியின் பரப்பு சுமார் 1,850 சதுர மீட்டர். இரு கரையும் சரிவாக இறங்குவதால் சராசரி ஆழத்தை 1.3 மீட்டர் என்று கொண்டால், அள்ள வேண்டிய மண் கிட்டத்தட்ட 2,400 கன மீட்டர். ஈரக் களிமண்ணை ஓர் ஆள் நாளைக்கு 2 கன மீட்டர் வெட்டிக் கூடையில் சுமந்து கொட்டுவார் என்றால் 1,200 ஆள்நாள். பத்துப் பேர் வைத்தால் நான்கு மாதம். கருவியோ இரும்பு விளிம்பு மட்டும் மாட்டிய மரமண்வெட்டி.

1300 வாக்கில் கூலியாளுக்கு நாளுக்கு ஒன்றரைப் பென்னி கிடைத்தது. ஆக 1,800 பென்னி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதால் ஏழரைப் பவுண்டு. ஆண்டுக்கு 20 பவுண்டு நில வருமானம் உள்ளவர் நைட் பட்டம் ஏற்றே தீர வேண்டும் என்று 1278இல் முதலாம் எட்வர்ட் உத்தரவு போட்டார். அந்த எல்லையில் நிற்கும் குடும்பத்துக்கு இது ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதற்கும் கீழே இருந்த விவசாயி சிறிய அகழியாக வெட்டியிருப்பார், வீட்டு ஆட்களையே இறக்கியிருப்பார், ஆண்டுக்கு ஒரு பக்கமாக முடித்திருப்பார். எப்படிப் பார்த்தாலும் விளையாட்டுக்குச் செய்யும் வேலை இல்லை.

அரசரின் அனுமதி தேவைப்பட்டதா?

அகழிக்கு மட்டும் என்றால் பொதுவாக இல்லை. மதிலின் மேல் போர்ப்பல்வரிசை (வில்லாளி மறைந்து நின்று எய்ய, பற்கள்போல் இடைவெளி விட்ட சுவர்) வைத்துக் கட்டத்தான் அரசரிடமிருந்து உரிமம் வாங்கினார்கள். ஷ்ராப்‌ஷயரில் ஸ்டோக்சே மாளிகையைக் கட்டிய லாரன்ஸ் ஆஃப் லட்லோ ஒரு கம்பளி வியாபாரி. 1291இல் உரிமம் பெற்றார். யார்க்‌ஷயரின் மார்க்கன்ஃபீல்ட் ஹாலுக்கு 1310இல் கிடைத்தது. இந்த உரிமமும் பயத்தைவிடப் பெருமைக்காக வாங்கப்பட்டது என்ற வாதம் வலுவாக உண்டு. பதிவேட்டில் ஏறாத ஆயிரக்கணக்கான அகழிகள் ஏறியவற்றைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அதனால்தான் அவற்றைப் பற்றி ஆவணத்திலிருந்து தெரிவது கொஞ்சம், மண்ணிலிருந்து தெரிவது நிறைய.

அகழித் தண்ணீரைக் குடித்தார்களா? மீன் வளர்த்தார்களா?

குடிக்கத் திட்டிலேயே கிணறு இருக்கும். அகழி நீர் மாட்டுக்கும் துவைக்கவும். கழிப்பறைகள் பல வீடுகளில் நேரே அகழிக்குள் இறங்கின. கோடையில் வாடை எப்படி அடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வார்விக்‌ஷயரின் பேடஸ்லி கிளின்டன் வீட்டில் அப்படி ஒரு பழைய கழிவுநீர்ச் சுரங்கம் அகழி மட்டத்தில் ஓடுகிறது. 1591 அக்டோபரில், கத்தோலிக்கப் பாதிரிகள் வேட்டையாடப்பட்ட காலத்தில், அதிகாரிகள் விடியற்காலையில் வீட்டைச் சூழ்ந்தார்கள். உள்ளே இருந்த ஏசுசபைப் பாதிரிகள் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கி, கணுக்கால் நீரில் நான்கு மணி நேரம் நின்றார்கள். வந்தவர்கள் வீட்டையே கவிழ்த்துப் போட்டுத் தேடியும் யாரும் சிக்கவில்லை. அகழி உண்மையிலேயே உயிர் காத்த அபூர்வமான இடம் இது. வெட்டியவர் கனவிலும் நினைத்திராத வகையில்!

மீன் உண்டு. வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் இறைச்சி கூடாது. ஏழைக்கு உப்பிட்ட ஹெர்ரிங். வசதியானவருக்கு பிரீம், பைக் போன்ற நன்னீர் மீன். உயிர்மீன் அன்றைக்கு விலை உயர்ந்த பண்டம். விருந்தில் வைத்தால் பேர் கிடைக்கும். பெரிய பண்ணைகளில் அகழியோடு மதகு வைத்து இணைத்த தனி மீன்குளங்களே இருந்தன.

திட்டில் என்னென்ன கட்டடங்கள் இருந்தன?

நடுநாயகமாக ஒரு பெரிய கூடம்: சாப்பாடு, பஞ்சாயத்து, வேலையாட்களின் படுக்கை எல்லாம் அங்கேதான். ஒரு கோடியில் குடும்பத்தாருக்கான அறைகள். சமையற்கட்டு தீ பயத்தால் தனியாக. களஞ்சியமும் கொட்டிலும் சில இடங்களில் திட்டுக்குள், சில இடங்களில் அகழிக்கு வெளியே. பாலம் மரத்தால் ஆனது. வாசல் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஹெரஃபோர்ட்‌ஷயரின் லோயர் புரோக்ஹாம்ப்டனுக்குப் போகலாம். அகழியின் மேலேயே கால்பரப்பி நிற்கிறது, முழுக்க மரச்சட்டம், மேல்தளம் கீழ்த்தளத்தைவிட முன்துருத்தி, மொத்தமாகக் கொஞ்சம் சாய்ந்து.

வீடே போய்விட்டது, வெறும் பள்ளம்தான் மிச்சம். இதில் தொல்லியலுக்கு என்ன இருக்கிறது?

பள்ளத்தின் அடியில் இருக்கும் சேறு.

சாதாரண நிலத்தில் மரம், தோல், துணி, விதை எல்லாம் சில பத்தாண்டுகளில் மக்கிவிடும். தோண்டினால் பானை ஓடும் எலும்பும் ஆணியும்தான் கிடைக்கும். அகழியின் அடிச்சேற்றில் காற்று புகாது. ஆக்சிஜன் இல்லாமல் நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. அதனால் எழுநூறு ஆண்டுக்கு முன் விழுந்த தோல்செருப்பு தையலோடு கிடைக்கிறது, மரக்கிண்ணம் கடைசல் கோடுகளோடு கிடைக்கிறது. பாலத்தின் அடிச்சட்டங்கள் கிடைக்கின்றன. ஓக் மரச் சட்டத்தில் பட்டை ஒட்டியிருந்தால், வளையங்களின் அகல வரிசையைக் காலம் தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டு, மரம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டது என்றே சொல்லிவிடலாம். வேறெந்தக் காலக்கணிப்பிலும் இவ்வளவு துல்லியம் கிடையாது.

பர்மிங்ஹாம் நகருக்குள் இருக்கும் வியோலி காசில் இதற்கு நல்ல உதாரணம். பெயரில் கோட்டை இருந்தாலும் அது அகழி சூழ்ந்த, காவல் வைத்துக் கட்டிய பிரபு வீடு. 1264இல் ரோஜர் டி சோமரி உரிமம் பெற்றார். 1950களில் அங்கே அகழாய்வு செய்தபோது, கல் கட்டடங்களுக்கு முந்திய ஒரு மரச் சமையற்கட்டு வெளிப்பட்டது. நீர் தேங்கிய மண்ணில் புதைந்திருந்ததால் சுவரின் பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்தவாறு அப்படியே இருந்தன. இடைக்கால மரக் கட்டடம் என்றால் தொல்லியலாளர் வழக்கமாகக் காண்பது தூண் நட்ட குழிகளின் கறையை மட்டும். சுவரே நிற்பதைப் பார்ப்பது குருட்டு அதிர்ஷ்டம்.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் சுவை. சேற்றைக் குழாய்போல் வெட்டியெடுத்து, அடுக்கடுக்காக நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். மகரந்தம் சுற்றிலும் என்ன பயிர், எவ்வளவு காடு என்று சொல்கிறது. ஓக் மகரந்தம் குறைந்து கோதுமையும் களைகளும் ஏறினால், காடு அழிந்து வயல் வந்த காலம். வண்டுகளின் இறக்கை ஓடுகள் அதைவிட வாயாடிகள்: சாணவண்டு மிகுந்தால் மாடு அருகிலேயே கட்டியிருந்தது, தானியவண்டு இருந்தால் களஞ்சியம் பக்கத்தில், சுத்தமான நீரில் மட்டும் வாழும் இனம் மறைந்தால் அந்த அடுக்கின் காலத்தில் அகழி சாக்கடையாகிவிட்டது. கழிப்பறைக் குழாய் இறங்கிய இடத்தில் அத்திப்பழ விதை கிடைத்தால், வெளியூர்ச் சரக்கு வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு இருந்தது என்று ஊகிக்கலாம்.

அகழி வெட்டும்போது எடுத்த மண்ணைத் திட்டில் கொட்டியதாகச் சொன்னேன் அல்லவா? அந்த மண்ணுக்கு அடியில் பழைய நிலப்பரப்பு மூடிக் கிடக்கும். அகழிக்கு முன்பிருந்த வீட்டின் தடமோ உழவுசால் தடமோ அங்கே பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு.

அப்படியானால் அகழியைத் தூர் வாரிச் சுத்தம் செய்வது நல்லதுதானே?

நம் ஊரில் கண்மாயைத் தூர் வாருகிறவரைக் கையெடுத்துக் கும்பிடுவோம். இங்கே அதே நல்ல எண்ணம்தான் அதிகக் கேடு செய்கிறது. ஒரு பொக்லைன் ஒரே நாளில் அள்ளிக் கரையில் கொட்டும் கறுப்புச் சேறுதான் மேலே சொன்ன செருப்பும் பலகையும் மகரந்தமும். காற்றுப் பட்டதும் அழுகத் தொடங்கிவிடும். அடுக்கும் கலைந்துவிடுவதால் எதற்கும் காலம் சொல்ல முடியாது.

இடைக்காலத்தவரும் தூர் வாரினார்கள். அதனால் பல அகழிகளில் வெட்டிய காலத்து முதல் படிவு இல்லை. கடைசியாக வாரியதற்குப் பிறகு சேர்ந்ததுதான் இருக்கிறது. வீடு கைவிடப்பட்ட பிறகு யாரும் தொடாத அகழிகளும், திட்டின் கரையோரமாக மண்வெட்டிக்குத் தப்பிய மூலைகளும் விலைமதிப்பற்றவை ஆவது இதனால்தான்.

தண்ணீர் வற்றினாலும் இதே கதி. பக்கத்து வயலில் ஆழமாக வடிகால் குழாய் பதித்தால் நிலத்தடி நீர் இறங்கும். மேலே பார்த்தால் எதுவும் மாறியிருக்காது, அடியில் மரம் மக்கிக்கொண்டிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்க அரசே மானியம் கொடுத்து வடிகால் போட வைத்த காலத்தில் இப்படிப் போனவை ஏராளம். நேராகத் தூர்த்து உழப்பட்டவையும் உண்டு.

மக்கள் ஏன் இவற்றைக் கைவிட்டார்கள்?

எல்லாவற்றையும் கைவிடவில்லை, பலவற்றில் இன்றும் குடியிருக்கிறார்கள். கைவிட்டதற்குக் காரணங்கள் பல. கொள்ளைநோய்க்குப் பின் வாரிசில்லாமல் நிலங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டு பண்ணைக்கு ஒரு வீடு போதும். பிறகு திட்டில் இடம் போதாமல் வீட்டை வெளியே மாற்றினார்கள். 16ஆம் நூற்றாண்டில் நாகரிகம் மாறியது. பிரிஸ்டலுக்கு அருகே ஆக்டன் கோர்ட் வீட்டுக்கு 1535இல் எட்டாம் ஹென்றி மன்னர் வரப்போகிறார் என்றதும், உரிமையாளர் நிக்கோலஸ் பாய்ன்ட்ஸ் அகழியின் ஒரு பகுதியைத் தூர்த்து அதன் மேலேயே புதிய கட்டடப் பிரிவை எழுப்பினார். முன்னோர் பெருமைக்கு வெட்டியதைப் பேரன் பெருமைக்கே மூடினார்! தொல்லியலாளருக்கு இது வரம்: தூர்த்த மண்ணுக்குள் கிடப்பதெல்லாம் 1535க்கு முந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பர்மிங்ஹாமின் கதை வேறு. அந்த நகரத்தின் பெயருக்குரிய டி பர்மிங்ஹாம் குடும்பத்தின் வீடும் அகழிக்குள்தான் இருந்தது. நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. 1816இல் அகழியைத் தூர்த்து, மறு ஆண்டே அதன் மேல் ஸ்மித்ஃபீல்ட் சந்தையைத் திறந்தார்கள். 1970களில் மொத்தவிலைச் சந்தை கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது பழைய வீட்டின் கற்சுவர்கள் தலைகாட்டின. அந்தச் சந்தையும் 2018இல் இடம் மாறிவிட்டது. பக்கத்துத் தெருவுக்கு மட்டும் மோட் லேன், அதாவது அகழிச் சந்து, என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. பிரிட்டனில் தொல்சின்னங்களைக் காக்கும் முதல் சட்டம் 1882இல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதன்கீழ் பட்டியலில் சேர்த்த தொல்சின்னத்தில் தோண்டவோ தூர்க்கவோ தூர் வாரவோ கட்டவோ முன்னனுமதி வேண்டும். இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனம் இதைக் கவனிக்கிறது. அகழித் தலங்களில் ஒரு பகுதிதான் அந்தப் பட்டியலில் உள்ளது.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. ஏற்கெனவே முறைப்படி உழப்பட்டுவரும் தொல்சின்னத்தைப் பழைய ஆழத்திலேயே தொடர்ந்து உழ 1994ஆம் ஆண்டு ஆணை ஒன்று இடம் தருகிறது. பழைய ஆழம் என்றாலும் மண் அரித்துக் கலப்பை ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கத்தான் செய்யும். புல்தரையாக விட்டுவிட்டால் விவசாயிக்கு அரசு பணம் தரும் திட்டங்கள் உள்ளன. தண்டனையைவிட அவைதான் நடைமுறையில் பலன் தருகின்றன.

அகழியில் பெரிய கொண்டை நீர்ப்பல்லி (தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் வாழும் உயிரி) வாழ்ந்தால் வனவுயிர்ச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். தொல்லியலும் பல்லியும் ஒரே பக்கம் நிற்பதால் பெரும்பாலும் தகராறில்லை.

உலோகம் தேடும் கருவியோடு போகலாமா?

பட்டியலில் உள்ள தலத்தில் அனுமதியில்லாமல் பயன்படுத்தினால் குற்றம், நில உரிமையாளர் தலையாட்டினாலும் குற்றமே. மற்ற இடங்களில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் அடங்கும் பொருள் கிடைத்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

மற்ற நாடுகளில் இவை இல்லையா?

தாராளமாக உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இவை மொய்க்கின்றன. அங்கே பெரும்பாலும் இரட்டைத் திட்டு: உயர்ந்த ஒன்றில் வீடு, ஒட்டியுள்ள மற்றதில் பண்ணை முற்றம். 1770களில் பிரபு ஃபெராரிஸ் தலைமையில் வரைந்த நிலப்படத்தில் அவை நீலச் சதுரங்களாகத் தெரிகின்றன. பிறகு தூர்ந்தவற்றைத் தேட ஆய்வாளர்கள் முதலில் திறப்பது அந்தப் படத்தைத்தான். ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாண்டில் விவசாயிகளின் பண்ணைவீடுகளே அகழி சூழ இன்றும் நிற்கின்றன.

அயர்லாந்துதான் என் வாதத்துக்கு இடையூறு. ஆங்கிலேய–நார்மன் குடியேறிகள் வெக்ஸ்ஃபோர்ட், கில்கென்னி, டிப்பரரி போன்ற மாவட்டங்களில் அகழிப் பண்ணைகள் அமைத்தார்கள். அவற்றில் பல, குடியேற்றத்தின் எல்லையோரத்தில், ஊரிலிருந்து விலகித் தனியாக இருக்கின்றன. கரையும் உறுதியாக இருக்கிறது. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது அகழி வெறும் ஆடம்பரமாக இருந்திருக்காது. கார்க் மாவட்டத்து ரிக்ஸ்டேலில் 1300 வாக்கில் தொடங்கிய கூடம் கட்டி முடிக்கப்படாமலே நின்றுபோனது. இதில் திருப்பம் என்னவென்றால், ரோஸ்காமனின் குளூன்ஃப்ரீயில் ஐரிஷ் மன்னரான ஓ’கானர் தனக்கே ஓர் அகழி வீடு கட்டிக்கொண்டார். எதிராளியின் பாணியை எடுத்துக்கொண்டதற்குப் பாதுகாப்பு காரணமா, பகட்டு காரணமா? அங்கே மறுபடியும் என் பக்கம் கொஞ்சம் சாய்கிறது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

கென்டின் ஐட்டம் மோட் முதலில். 1320 வாக்கில் தொடங்கிய வீடு, நாற்புறமும் நீர், நடுவில் முற்றம். சார்லஸ் ஹென்றி ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிக் காப்பாற்றி, 1985இல் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். முற்றத்தில் உள்ள நாய்க்கூண்டுக்கும் முதல்தரப் பாதுகாப்பு உண்டு, பார்க்காமல் வராதீர்கள். பேடஸ்லி கிளின்டன், லோயர் புரோக்ஹாம்ப்டன், செஷயரின் லிட்டில் மோர்ட்டன் ஹால் மூன்றும் அதே அறக்கட்டளையுடையவை. இவையெல்லாம் பணக்காரர் வீடுகள் என்பதை மறந்துவிடக் கூடாது. சாதாரணப் பண்ணையின் அகழியைப் பார்க்க சஃபோக்கில் ஒரு பொது நடைபாதை போதும். நடைபாதையை விட்டு இறங்க மட்டும் உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தேட முடியுமா?

முடியும். பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே நிலப்படங்களில் தொல்சின்னங்களின் பெயரைப் பழங்கால கோதிக் எழுத்தில் அச்சிடுவார்கள். அந்த எழுத்தில் ‘மோட்’ என்று இருந்தால் அகழி. மோட் ஃபார்ம், மோட் ஹவுஸ் என்ற பண்ணைப் பெயர்களும் நல்ல துப்பு. அடுத்து லைடார்: விமானத்திலிருந்து லேசர் வீசி நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை அந்தத் தரவை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. மரத்தையும் புதரையும் கணினி நீக்கிவிடுவதால், தூர்ந்துபோன அகழிகூட மங்கலான சதுரமாகத் தெரியும். கடும் வறட்சியில் எடுத்த வான்படங்களும் உதவும். தூர்த்த பள்ளத்தில் ஈரம் தங்குவதால் அதன் மேலுள்ள பயிர் மட்டும் பச்சையாக நிற்கும்.

சந்தேகத்துக்குரிய சதுரம் கிடைத்தால் முதலில் தேசியப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இணையத்தில் இலவசம். இல்லாவிட்டால் அந்த மாவட்டத்தின் வரலாற்றுச் சுற்றுச்சூழல் பதிவேட்டு அலுவலகத்துக்கு இடக்குறிப்போடு எழுதலாம். மூலை செங்கோணமாக இருக்கிறதா, ஒரு பக்கமாவது முப்பது நாற்பது மீட்டர் தேறுகிறதா என்று அளந்துவிட்டு எழுதுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டத் தோண்டிய பழைய குட்டைகளும் மேலிருந்து பார்த்தால் சதுரமாகத்தான் தெரியும்.